சியோலில் ஒரு சின்ன அருங்காட்சியகமும் என் சம்பளமில்லாத வேலையும்

ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் கேட்கிற கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "இன்னும் அந்த மியூசியத்துக்குத்தான் போயிட்டிருக்கியா? இப்பவாச்சும் காசு ஏதும் குடுக்குறாங்களா?" குடுக்கல, குடுக்கவும் மாட்டாங்க என்று நானும் அதே பதிலைச் சொல்வேன். இங்கே சியோலில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்கள் கேட்பது வேறு மாதிரி. "எம்.எஸ்சி. முடிச்சுட்டு அங்க போய் நோட்டீஸ் மடிக்கிறீங்களாமே?" ஆமாம், மடிக்கிறேன். வேறு சில வேலைகளும் செய்கிறேன். எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கணவருக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக். நான் வந்தது அவரைச் சார்ந்த விசாவில். சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கொரிய மொழி வகுப்புக்குப் போனேன், சமைத்தேன், யூடியூப் பார்த்தேன், அழுதேன், மறுபடி வகுப்புக்குப் போனேன். அங்கே ஆசிரியை ஒருநாள் ஒரு அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லி, ஆங்கிலம் தெரிந்த தன்னார்வலர்கள் அங்கே தேவைப்படலாம், கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டேன். ஒரு படிவம், ஒரு பேச்சு, சில நாள் பயிற்சி. அப்படித்தான் தொடங்கியது.

அந்த இடத்தின் பெயர் போர் மற்றும் பெண்கள் மனித உரிமைகள் அருங்காட்சியகம். ஜப்பான் ராணுவம் 1930களிலிருந்து 1945 வரை தன் படைகள் போன இடமெல்லாம் விடுதிகள் வைத்து, கொரியா, சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பெண்களை அதற்குள் அடைத்தது. 'ஆறுதல் பெண்கள்' என்பது ராணுவம் அவர்களுக்கு வைத்த பெயர். உயிரோடு திரும்பி வந்தவர்களை இங்கே எல்லோரும் ஹல்மோனி என்றுதான் சொல்கிறார்கள். பாட்டி என்று அர்த்தம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சந்துக்குள் ஒரு வீடு

அருங்காட்சியகம் என்றதும் எழும்பூரில் இருப்பதுபோல் சிவப்புக் கட்டடமும் புல்வெளியும் மனதில் வந்தால் அழித்துவிடுங்கள். மாபோ வட்டாரத்தில், சோங்சான்-டோங் என்ற குடியிருப்புப் பகுதியில், ஏறிப் போகும் ஒரு சந்தில் இருக்கிறது இது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டை வாங்கி, உள்ளே மாற்றிக் கட்டி, வெளிச்சுவருக்குக் கருஞ்சாம்பல் நிறச் செங்கல் போர்த்தியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் துணி காய்கிறது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முதல் நாள் நான் வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு நாட்டின் இத்தனை பெரிய வரலாறு ஏன் சந்துக்குள் இருக்கிறது? இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஹல்மோனிகள் தங்கள் கைப்பணத்திலிருந்து கொடுத்த தொகையோடுதான் 2003 வாக்கில் இந்த முயற்சி தொடங்கியது. முதலில் பார்த்த இடம் சோடேமுன் சுதந்திரப் பூங்கா. ஜப்பானிய ஆட்சியில் விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்திருந்த பெரிய சிறைச்சாலை அங்கே இருக்கிறது. நகரத்தின் நடுநாயகமான இடம். 2009இல் அங்கே பூமிபூஜை மாதிரி ஒரு தொடக்க விழாவே நடந்துவிட்டது. ஆனால் விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயரில் இயங்கும் அமைப்புகள் எதிர்த்தன. இந்தப் பெண்களின் கதையை அங்கே வைத்தால் தியாகிகளுக்கு இழுக்கு என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எதிர்த்தது ஜப்பான் அரசு இல்லை, சொந்த நாட்டின் விடுதலைப் போராட்ட அமைப்புகள். போர் முடிந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், பாதிக்கப்பட்டவளுக்குத்தான் மானக்கேடு என்ற எண்ணம் போகவில்லை. கடைசியில் இந்த வீட்டை வாங்கி, 2012 மே 5 அன்று திறந்தார்கள். நன்கொடை கொடுத்தவர்களில் ஜப்பானியக் குடிமக்களும் இருக்கிறார்கள். பார்வையாளர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு தகவல்களைத்தான்: தடுத்தவர்களில் கொரியர்கள் இருந்தார்கள், கொடுத்தவர்களில் ஜப்பானியர்கள் இருந்தார்கள். 'நாங்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள்' என்ற கணக்கோடு வருகிறவர்கள் அதோடு கொஞ்சம் நிதானத்துக்கு வருவார்கள்.

உள்ளே போனால்

நுழைவுச் சீட்டில் ஒரு ஹல்மோனியின் படமும் அவர் கதையும் இருக்கும். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். ஆயிரக்கணக்கானவர்களின் கதை என்று நினைத்து வந்தவர் கையில் ஒருத்தியின் பெயரைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள்.

பிறகு சரளைக்கல் பரப்பிய ஒரு குறுகலான பாதை. காலடியில் கல் நறநறக்கும். குண்டுவெடிப்புச் சத்தம் கேட்கும். பக்கவாட்டுச் சுவரில் சிறுமிகளின் உருவங்கள். அங்கிருந்து கீழ்த்தளத்தில் ஓர் இருட்டறை. அப்புறம் மேலேறும் படிக்கட்டு. படிக்கட்டின் இருபுறமும் பூசாத செங்கல். அதன்மேல் ஹல்மோனிகள் சொன்ன வாசகங்களைப் பொறித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசல்வரை கும்மாளம் போட்டுக்கொண்டு வருவார்கள். இந்தப் படிக்கட்டில் யாரும் சொல்லாமலே சத்தம் அடங்கிவிடும்.

மேல்தளத்தில்தான் ஆவணங்கள். ராணுவத்தின் உத்தரவுகள், விடுதிகள் இருந்த இடங்களைக் காட்டும் வரைபடம், படையினருக்குக் கொடுத்த பொருட்கள். அதில் ஒன்று ஆணுறை உறை. சின்னது, பழுப்பேறியது. அதன்மேல் அச்சடித்திருக்கும் பெயருக்கு 'தாக்குதலில் முதல்வன்' என்பதுபோல் பொருள் வரும். பெயர் வைத்து, அச்சடித்து, மூட்டை கட்டி, சரக்கோடு சரக்காகப் போர்முனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சில முரட்டுச் சிப்பாய்கள் செய்த அத்துமீறல் என்று சொல்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். கொள்முதல், கணக்கு, விநியோகம் எல்லாம் இருந்தால் அது ஒரு துறையின் வேலை. அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அடுத்தது நினைவுச் சுவர். செங்கல் அடுக்கில் இறந்துபோன ஹல்மோனிகளின் முகங்களும் இறந்த தேதிகளும். கொரிய அரசிடம் பதிவு செய்துகொண்டவர்கள் 240 பேர்தான். பெயர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களுக்கும் சேர்த்து முகமில்லாத செங்கற்கள் இருக்கின்றன. பார்வையாளர்கள் அங்கே பூ வைப்பார்கள். வாடிய பூவை எடுப்பது எங்களில் அன்றைக்கு யார் முறையோ அவர்கள் வேலை.

என் வேலை என்ன?

வெளிநாட்டில் மனித உரிமை அருங்காட்சியகத்தில் தன்னார்வப் பணி என்றால் கேட்பவர்களுக்கு ஏதோ பெரிதாகத் தோன்றும். உண்மையில் நோட்டீஸ் மடிப்பது, ஒலிவழிகாட்டிக் கருவியைக் கொடுத்து வாங்குவது, ஆங்கில வாசகங்களில் எழுத்துப்பிழை பார்ப்பது, மழை நாளில் குடைகளை ஒழுங்காக அடுக்குவது. பார்வையாளர்கள் மஞ்சள் நிறத்தில் பட்டாம்பூச்சி வடிவக் காகிதத்தில் குறிப்பு எழுதி மாட்டிவிட்டுப் போவார்கள். இடம் நிரம்பியதும் கழற்றி, மொழிவாரியாகப் பிரித்து எடுத்து வைக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் எழுதியிருப்பவை நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

வழிகாட்டும் வேலை பிறகுதான் கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்கள், ஆசிரியர்கள், சும்மா சுற்றிப் பார்க்க வந்து வழி தவறி வந்தவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். பயிற்சியில் என் மனதில் தங்கிய பாடம் ஒன்றே ஒன்று: ஆதாரம் இருப்பதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. கேட்க எளிது. செய்வது கஷ்டம்.

'எத்தனை பேர்?' என்று கேட்காத பார்வையாளர் கிடையாது. 2 லட்சம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், எதிரில் இருப்பவர் முகம் மாறும், நமக்கும் ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். ஆனால் ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஹதா இகுஹிகோ 20,000 அளவில் என்கிறார். இதே துறையில் முன்னோடியான யோஷிமி யோஷியாகி குறைந்தது 50,000 என்கிறார். 2 லட்சம் என்பவர்கள் இருக்கிறார்கள், சீனத்தில் அதற்கும் மேலே சொல்பவர்களும் உண்டு. போர் முடியும் தறுவாயில் ராணுவம் ஆவணங்களை எரித்துவிட்டதால் யாராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. இத்தனையையும் சொல்வேன். சிலருக்குக் கொட்டாவி வரும். வரட்டும். 20,000 என்றே வைத்துக்கொண்டாலும் குற்றம் எந்த வகையில் சின்னதாகிவிடும்?

கிம் ஹாக்-சுன் ஹல்மோனியின் கதையிலும் அப்படித்தான். 1990இல் ஜப்பான் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, அதெல்லாம் தனியார் தரகர்கள் செய்தது என்று அரசுத் தரப்பில் பதில் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பதில். அதைக் கேட்டுக் கொதித்துத்தான் 1991 ஆகஸ்ட் 14 அன்று, அறுபதைக் கடந்த வயதில், சொந்தப் பெயரோடும் முகத்தோடும் செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்தார் அவர். தென்கொரியாவில் அப்படிப் பகிரங்கமாகப் பேசிய முதல் பெண் அவர்தான். அடுத்த ஜனவரியில் யோஷிமி, பாதுகாப்பு முகமையின் நூலகத்தில் கண்டெடுத்த ராணுவ ஆவணங்களை வெளியிட்டார். 1993 ஆகஸ்டில் ஜப்பானின் தலைமை அமைச்சரவைச் செயலர் கோனோ, ராணுவத்துக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டார். ஒரு கிழவி வாய் திறந்து இரண்டே ஆண்டில்.

ஆனால் அதே கிம் ஹாக்-சுன், தன்னைச் சீனாவுக்குக் கூட்டிப்போனது வளர்ப்புத் தந்தை என்றும் சொல்லியிருக்கிறார். அங்கே போனபின் ராணுவத்தினர் கையில் சிக்கினார். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிக் கூட்டிப்போன கொரியத் தரகர்கள் பற்றியும் பல ஹல்மோனிகள் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை விட்டுவிட்டு, எல்லோரையும் துப்பாக்கி முனையில் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள் என்று சொன்னால் கதை விறுவிறுப்பாக இருக்கும். அந்த விறுவிறுப்புக்குக் கொடுத்த விலை சாமானியமானது இல்லை. போர்க்காலத்தில் ஆள் திரட்டும் வேலை பார்த்ததாகச் சொன்ன யோஷிதா செய்ஜி என்ற ஜப்பானியர், ஜேஜு தீவில் தானே பெண்களை வேட்டையாடிப் பிடித்ததாக 1980களில் சொல்லிவந்தார். விசாரித்துப் பார்த்தால் அப்படி நடந்ததற்கு ஆதாரம் இல்லை. அவரை நம்பிச் செய்தி வெளியிட்ட அசாஹி நாளிதழ் 2014இல் அந்தக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுப்பவர்களுக்கு அது அல்வா மாதிரி. ஒருவர் சொன்னது பொய் என்றால் எல்லோரும் சொன்னதும் பொய்தான் என்று கிளம்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் வருகிறார். ராதிகா குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், சட்ட அறிஞர். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தபோது, 1996இல் இந்த விஷயம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நடந்தது ராணுவப் பாலியல் அடிமைமுறை என்று நேராகச் சொல்லி, ஜப்பான் சட்டப் பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த அறிக்கையில் யோஷிதாவின் கூற்றும் இடம்பெற்றிருந்தது. 2014இல் ஜப்பான் அரசு, அறிக்கையின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறும்படி அவரைக் கேட்டது. அது பல ஆதாரங்களில் ஒன்று மட்டுமே என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். பிற சாட்சியங்கள் அத்தனை வலுவாக இருந்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது. தமிழ்ப் பார்வையாளர்கள் வந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அந்த இன்னொரு போர்

எனக்கு இந்த அருங்காட்சியகத்தின் மேல் மரியாதை வந்தது ஹல்மோனிகளின் கதையால் மட்டும் இல்லை. இங்கே வியட்நாமைப் பற்றியும் வைத்திருக்கிறார்கள்.

1964 முதல் 1973 வரை தென்கொரியா அமெரிக்காவோடு சேர்ந்து வியட்நாமில் போரிட்டது. மொத்தம் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கொரியப் படையினர் போய் வந்தார்கள். அங்கே கிராமத்து மக்களைக் கொன்றதாகவும் பெண்களை வன்புணர்ந்ததாகவும் அவர்கள்மீது குற்றச்சாட்டுகள் உண்டு. கொரியப் பள்ளிகளில் இதை அதிகம் விளக்கிச் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்டில், ஜப்பான் செய்ததைச் சொல்வதற்காகவே கட்டிய ஓர் இடத்தில், 'நம் பிள்ளைகள் அங்கே போய்ச் செய்தது இது' என்று எழுதி மாட்டுவது லேசான காரியம் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவர்கள் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு வழி காட்டியதும் ஹல்மோனிகள்தான். 2012 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, கிம் போக்-டோங், கில் வோன்-ஓக் என்ற இருவர், ஜப்பானிடமிருந்து இழப்பீடு வந்தால் அதை முழுக்க, போரில் வன்முறைக்கு ஆளான பிற நாட்டுப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து பிறந்தது பட்டாம்பூச்சி நிதி. காங்கோவிலும் வியட்நாமிலும் இருக்கும் பெண்களுக்கு அந்த நிதி போனது. கொரியப் படையினரால் பாதிக்கப்பட்ட வியட்நாம் பெண்களிடம், கொரியக் குடிமக்களாக வருத்தம் தெரிவிப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள். வருத்தம் தெரிவிக்க வேண்டிய ஒரு அரசாங்கத்துக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள், தங்கள் தரப்பிலிருந்து தெரிவிக்க வேண்டியதைக் காத்திருக்க வைக்கவில்லை.

ஒரு மதியம் வயதான கொரியர் ஒருவர் அந்தப் பகுதியில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது எதுக்கு இங்க?" என்றார். குரலில் கோபம் இருந்தது. அவர் கேட்டது எனக்குப் புரிந்தது, பதில் சொல்லும் அளவுக்கு என் கொரியமொழி போதவில்லை. உள்ளேயிருந்து ஊழியர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவர் என்று அந்தப் பெண் பிறகு சொன்னார். சமாதானம் ஆனாரா என்று கேட்டேன். "இல்லை. ஆனா முழுக்கப் படிச்சுட்டுத்தான் போனார்" என்றார்.

2023 பிப்ரவரியில் சியோல் நீதிமன்றம் ஒன்று, 1968இல் ஃபோங் நி கிராமத்தில் கொரிய மரைன்கள் நடத்திய படுகொலையில் உயிர்தப்பிய ஒரு வியட்நாம் பெண்ணுக்குக் கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கொரிய நீதிமன்றம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கேயும் 2025 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது.

எங்கள் அருங்காட்சியகத்துக்கு டோக்கியோவிலும் ஒரு ஜோடி இருக்கிறது. வசேதா பகுதியில், போரும் அமைதியும் குறித்த பெண்கள் அருங்காட்சியகம் 2005 முதல் இயங்குகிறது. சுருக்கமாக 'வாம்' என்பார்கள். மட்சுயி யாயோரி என்ற பத்திரிகையாளர் 2002இல் புற்றுநோயால் இறக்கும்போது தன் சொத்தை இதற்கென்று விட்டுப் போனார். ஜப்பான் செய்ததை ஜப்பானியர்களே தங்கள் தலைநகரில் வைத்துச் சொல்கிற இடம் அது. அரசுப் பணம் இல்லை, மிரட்டல்களுக்குக் குறைவும் இல்லை. ஒரு நினைவு அருங்காட்சியகம் நேர்மையானதா என்று பார்க்க என்னிடம் இப்போது ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: தன் தரப்பு செய்த தப்பை அது சுவரில் மாட்டியிருக்கிறதா?

அதே அளவுகோலை இவர்கள்மீதும்

அப்படியானால் இந்த அருங்காட்சியகத்தை நடத்தும் அமைப்பையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டாமா? வேண்டும். 2020 மே மாதம், உயிரோடிருக்கும் ஹல்மோனிகளில் ஒருவரான லீ யோங்-சூவே செய்தியாளர்களைக் கூட்டி, நன்கொடைப் பணம் எங்களுக்காகச் செலவாகவில்லை, எங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று குற்றம் சாட்டினார். வழக்கு நடந்தது. அமைப்பின் முன்னாள் தலைவர் ஒருவருக்கு விதித்த, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இதைப் படித்துவிட்டு வந்து கேட்பார்கள். நான் மழுப்புவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வேன். கூடவே, 2015 டிசம்பர் 28 அன்று இரு அரசுகளும் 100 கோடி யென்னுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டு, பிரச்சினை இறுதியாகத் தீர்ந்தது என்று அறிவித்ததையும் சொல்வேன். ஹல்மோனிகளைக் கலக்காமல் செய்த ஒப்பந்தம் அது. பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அதே சமயம், அப்போது உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். இதுவும் உண்மை. எண்பது, தொண்ணூறு வயதில் பணம் வாங்கியவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை, வேண்டாம் என்றவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லவும் இல்லை.

புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992 ஜனவரி 8 அன்று தொடங்கி, வாரா வாரம் புதன் மதியம் ஜப்பான் தூதரகம் இருக்கும் பகுதியில் கூடுகிறார்கள். 1000ஆவது கூட்டத்தன்று, 2011 டிசம்பரில், அங்கே வெண்கலத்தில் ஒரு சிறுமியின் சிலையை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. குதிகால் தரையில் படவில்லை. சில ஆண்டுகளாக எதிர்க்கோஷ்டியும் அதே இடத்தில் மைக் வைத்துக் கத்துகிறது. நான் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. கொரியக் குடிவரவுச் சட்டம் வெளிநாட்டவரின் அரசியல் செயல்பாட்டை அனுமதிப்பதில்லை. விருந்தாளிக்கு எல்லை உண்டு.

மலேசியாவிலிருந்து வந்த குடும்பம்

போன வசந்த காலத்தில் ஈப்போவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. சுற்றுலாவாக வந்தவர்கள், கல்லூரியில் படிக்கும் மகள் பிடிவாதம் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். எல்லாம் பார்த்து முடித்து வாசலில் நின்றபோது அந்த அப்பா சொன்னார்: "எங்க தாத்தாவ சயாம் ரயில்பாதைக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல. எங்க பொதைச்சாங்கன்னுகூடத் தெரியாது. எங்களுக்கு இப்படி ஒரு இடம் இல்லையேம்மா."

அதே ராணுவம், அதே ஆண்டுகள். 1942, 43இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் செத்து விழுந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் மொத்தமாகக் குழியில் போனவர்கள். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. கொரியாவில் 240 பெயர்களாவது பதிவாகியிருக்கின்றன என்றால், அவர்கள் முன்வந்து சொன்னதை யாரோ கேட்டு எழுதி வைத்ததால்தான்.

போக நினைப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு, நானும் இப்படி ஓர் இடத்தில் வேலை செய்யலாமா என்று கேட்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் விசா. உங்கள் விசாவில் சம்பளமில்லாத பணிக்கு அனுமதி உண்டா என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுளை நம்பாதீர்கள். பணம் கட்டினால் வெளிநாட்டில் தன்னார்வப் பணி ஏற்பாடு செய்கிறோம் என்று வரும் ஏஜென்சிகளிடம் ஜாக்கிரதை. நேராக அந்த அருங்காட்சியகத்துக்கே மின்னஞ்சல் போடுங்கள். சின்ன இடங்கள் பதில் போட நாளாகும், ஆனால் போடுவார்கள்.

மொழி தெரியாவிட்டால் வழிகாட்ட முடியாது, ஆனால் எழுத்துப்பிழை பார்க்கலாம், ஸ்கேன் செய்யலாம், அட்டவணை போடலாம். ஓரிரு வாரம் மட்டும் வருகிறவர்களால் அவர்களுக்கு உதவியைவிட உபத்திரவம் அதிகம். ஆறு மாதமாவது இருக்க முடிந்தால் மட்டும் கேளுங்கள். உயிர்தப்பியவர்களைப் பார்க்கலாமா, செல்ஃபி எடுக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் பத்துப் பேர்கூட இல்லை, எல்லோரும் தொண்ணூறைத் தாண்டியவர்கள்.

சியோலுக்குச் சுற்றுலா வருபவர்கள் அரண்மனைக்கும் மியோங்டோங் கடைகளுக்கும் நடுவே அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். திறந்திருக்கும் நாளை முன்பே பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் சயாம் பாதைக்குப் போனவர் கதை இருந்தால், அதைச் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே போனில் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், எந்த எஸ்டேட், எந்த ஆண்டு, இதை உங்களுக்குச் சொன்னவர் யார் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நாளைக்கு யாராவது ஒரு சுவர் எழுப்ப வந்தால், அதில் எழுத அவர்களுக்குப் பெயர்கள் வேண்டும்.